ஸ்கேன் நார்மல், ஆனால் ஆள் பழைய ஆள் இல்லை: தலைக்காயத்துக்குப் பிறகு மூளையில் என்ன நடக்கிறது?

நீங்கள் கேட்டதை நான் புரிந்துகொண்ட விதத்தில் ஒருமுறை சொல்லிவிடுகிறேன். உங்கள் அண்ணனுக்கு வயது 34, பத்து மாதத்துக்கு முன் பைக் விபத்து. சில நாள் நினைவே இல்லை, கண் விழித்த பிறகும் இரண்டு வாரத்துக்கு மேல் தேதி, இடம், ஆள் எல்லாவற்றையும் குழப்பிக்கொண்டிருந்தார். இப்போது நடக்கிறார், பேசுகிறார். ஆனால் எதற்கும் நேரம் எடுக்கிறது, காலையில் சொன்னது மாலையில் நினைவில் இல்லை, சின்ன விஷயத்துக்குக் கத்துகிறார், இல்லாவிட்டால் சும்மா உட்கார்ந்தே இருக்கிறார். அன்று எடுத்த சிடி ஸ்கேனில் பெரிதாக ஒன்றுமில்லை என்றார்கள், போன மாதம் எடுத்த எம்ஆர்ஐ ரிப்போர்ட்டில் லேசான மூளைச் சுருக்கம் என்று போட்டிருக்கிறது. மூளை இன்னும் சுருங்குமா, சரியாக்க மாத்திரை உண்டா, அடுத்த மாதம் ஆபீஸில் வரச் சொல்கிறார்களே அனுப்பலாமா என்று கேட்கிறீர்கள். நடுவில் போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: "ஸ்கேனில் ஒன்றுமில்லை என்பதால் வேண்டுமென்றே செய்கிறாரோ என்று வீட்டில் சந்தேகம்." நீங்கள் உண்மையில் கேட்க வந்தது இதுதான் என்று எனக்குப் படுகிறது.

அதற்கு என் பதில்: நீங்கள் சொன்ன விவரங்களை வைத்துப் பார்த்தால், வேண்டுமென்று செய்வதாக நினைக்க ஒரு காரணமும் இல்லை. நான் நியூரோசைக்காலஜிஸ்ட், அதாவது அடிபட்ட மூளை எப்படி யோசிக்கிறது, எதை மறக்கிறது என்று சோதித்துப் பயிற்சி கொடுக்கிற ஆள். மறுவாழ்வுப் பிரிவில் பல வருடங்களாக வேலை. அறுவை சிகிச்சை டாக்டர் இல்லை, உங்கள் அண்ணனைப் பார்த்ததும் இல்லை, அதனால் இது அவருக்கான மருத்துவ முடிவு ஆகாது. இந்த வகைக் காயத்தில் என்ன நடக்கும் என்பதை மட்டும் சொல்கிறேன்.

முதலில் அடி எப்படி விழுகிறது என்று பார்ப்போம். மூளை ஏறக்குறைய 1.4 கிலோ எடையுள்ள, மிக மென்மையான பொருள், மண்டை ஓட்டுக்குள் திரவத்தில் மிதக்கிறது. ஓட்டின் மேல்பகுதி உள்ளே வழவழப்பாக இருக்கும், ஆனால் அடித்தளம், குறிப்பாக நெற்றிக்குப் பின்னாலும் பொட்டுக்குப் பின்னாலும் உள்ள பகுதி, கரடுமுரடான எலும்பு மேடுகளால் ஆனது. தலை சட்டென நிற்கும்போது மூளை அந்த மேடுகளில் உராய்கிறது. அதனால் அடி தலையின் எந்தப் பக்கம் பட்டாலும் முன்மடலின் அடிப்பகுதியும் பொட்டு மடலின் நுனியும்தான் அதிகம் கன்றிப்போகின்றன. திட்டமிடுவது, பொறுமை, கோபத்தை அடக்குவது, புதியதை நினைவில் பதிப்பது எல்லாம் அந்த இடங்களைச் சார்ந்த வேலைகள். (வாசனை தெரிகிறதா என்று அவரைக் கேளுங்கள். முகர்வு நரம்பின் மெல்லிய இழைகள் அதே தளத்தின் வழியாகத்தான் வருகின்றன, பலருக்கு அறுந்துபோயிருக்கும், யாரும் கேட்காததால் அவர்களும் சொல்லியிருக்க மாட்டார்கள். கேஸ் கசிந்தால் தெரியாது என்பதால் இது சின்ன விஷயம் இல்லை.)

ஆனால் கன்றிப்போவது பாதிக் கதைதான். மற்ற பாதி தலை சுழல்வதால் வருகிறது. மூளையின் வெளிப்புறச் சாம்பல் பொருளில் நரம்புச் செல்கள் இருக்கின்றன, உள்ளே உள்ள வெண்பொருளில் அவற்றை ஒன்றோடொன்று இணைக்கும் நீண்ட இழைகள், ஆக்சான்கள், ஓடுகின்றன. தலை வேகமாகச் சுழன்று நிற்கும்போது இந்த இரண்டு அடுக்குகளும் ஒரே வேகத்தில் நகர்வதில்லை, இடையில் உள்ள இழைகள் இழுபடுகின்றன. இரண்டு அரைக்கோளங்களையும் இணைக்கும் பெரிய நரம்புக்கட்டும், மூளைத்தண்டின் மேல்பகுதியும் இதில் அதிகம் அடிவாங்கும். 1956-ல் பிரிட்டனில் சபீனா ஸ்டிரிச் என்ற நோயியல் நிபுணர், தலையில் அடிபட்டுப் பல மாதம் மோசமான நிலையில் இருந்து இறந்தவர்களின் மூளையை ஆராய்ந்தபோது வெண்பொருள் பரவலாகச் சிதைந்திருந்ததைக் கண்டார். 1982-ல் குரங்குகளை வைத்துச் செய்த சோதனைகளில், தலை எதிலும் மோதாமல் வேகமாகத் திருப்பப்பட்டாலே நீண்ட கோமாவும் இதே இழைச் சேதமும் வரும் என்று தெரிந்தது. "ஹெல்மெட் போட்டிருந்தாரே, அப்புறம் எப்படி" என்று கேட்பவர்களுக்கும் இதில்தான் விடை இருக்கிறது. ஹெல்மெட் மண்டை ஓட்டை நன்றாகக் காக்கும், சுழற்சியை அந்த அளவுக்குத் தடுக்காது. அதற்காக ஹெல்மெட் வேஸ்ட் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம், பைக் விபத்தில் சாகும் அபாயத்தை 42 சதவீதமும் தலைக்காய அபாயத்தை 69 சதவீதமும் குறைக்கிறது என்று பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த மதிப்பீடு இருக்கிறது.

இழுபட்ட இழைகளில் பெரும்பாலானவை அந்த நொடியில் அறுவதில்லை. சவ்வு பழுதாகி உள்ளே கால்சியம் புகுகிறது, இழைக்குள் நடக்கும் பொருள் போக்குவரத்து நின்றுபோகிறது, அந்த இடம் வீங்குகிறது, பிறகு சில மணி நேரத்திலிருந்து சில நாட்களுக்குள் துண்டாகிறது. துண்டான பகுதி அதற்குப் பின் பல மாதங்களில் மெதுவாகச் சிதைந்து அகற்றப்படுகிறது. இப்போது உங்கள் இரண்டு ஸ்கேன்களையும் பாருங்கள். ஓர் ஆக்சானின் தடிமன் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுதான். சிடி ஸ்கேன் உடனே அறுவை சிகிச்சை வேண்டிய ரத்தக்கசிவு இருக்கிறதா, எலும்பு உடைந்திருக்கிறதா, மூளை வீங்கியிருக்கிறதா என்று பார்க்க எடுப்பது. அந்தக் கேள்விக்கு அது சரியான பதிலைத்தான் கொடுத்தது, இழைகளைப் பற்றி யாரும் அதைக் கேட்கவில்லை, கேட்டிருந்தாலும் அதற்குத் தெரியாது. பத்து மாதம் கழித்து எம்ஆர்ஐயில் சுருக்கம் தெரிவது புதிதாக ஏதோ நோய் வந்ததைக் காட்டுவதாக இருக்க வேண்டியதில்லை. அன்று சேதமான இழைகள் போனதால் வெண்பொருளின் கன அளவு குறைந்து, நடுவில் உள்ள திரவ அறைகள் பெரிதாகத் தெரிகின்றன. நடுத்தர, கடுமையான தலைக்காயங்களில் இது எதிர்பார்க்கக்கூடியதே.

இன்னும் சுருங்குமா என்றால், முதல் வருடத்தில் நடப்பதுதான் பெரும்பங்கு, ஆனால் சிலருக்கு அதற்குப் பிறகும் வயதுக்கு மீறிய வேகத்தில் கொஞ்சம் குறைகிறது, பல ஆண்டுகள் கழித்தும் வெண்பொருளில் அழற்சி இருந்ததாகப் பிரேதப் பரிசோதனைகளில் பார்த்திருக்கிறார்கள். யாருக்கு அது தொடரும், யாருக்கு நிற்கும் என்று முன்கூட்டிச் சொல்லும் சோதனை இன்றைக்கு இல்லை. இழைகளையே படம்பிடிக்கும் சிறப்பு எம்ஆர்ஐ ஒன்று இருக்கிறது, காயமடைந்தவர்களைக் கூட்டமாக எடுத்து மற்றவர்களோடு ஒப்பிட்டால் வித்தியாசம் தெளிவாகத் தெரியும், தனி ஒருவரின் படத்தை வைத்து "இந்த இழை போனதால்தான் இவரால் இதைச் செய்ய முடியவில்லை" என்று சொல்லும் அளவுக்கு அது இன்னும் வரவில்லை. அதற்காகத் தனியாகப் பணம் கட்டச் சொன்னால் யோசியுங்கள்.

காயம் எவ்வளவு கடுமை என்று மதிப்பிட எனக்கு ஸ்கேனைவிட உதவுவது, நீங்கள் சாதாரணமாகச் சொல்லிப்போன அந்த இரண்டு வாரக் குழப்பம். ஆஸ்பத்திரியில் சேர்க்கும்போது 3 முதல் 15 வரை ஒரு கோமா மதிப்பெண் போடுவார்கள், 8-ம் அதற்குக் கீழும் கடுமை, 9 முதல் 12 நடுத்தரம், 13-ம் அதற்கு மேலும் லேசு. அதோடு, விபத்திலிருந்து நாளுக்கு நாள் நினைவு தொடர்ச்சியாகப் பதிய ஆரம்பிக்கும் வரை எத்தனை நாள் ஆனது என்றும் பார்க்கிறோம். ஒரு நாளுக்குள் என்றால் லேசு, ஏழு நாளைத் தாண்டினால் கடுமை. பிற்கால வாழ்க்கை எப்படி இருக்கும் என்பதை இந்த நாள் கணக்கு கோமா மதிப்பெண்ணைவிடப் பல நேரம் நன்றாகவே காட்டுகிறது. உங்கள் அண்ணனுக்கு இரண்டு வாரத்துக்கு மேல். ஆக, ரிப்போர்ட்டில் எப்படி எழுதியிருந்தாலும் அது கடுமையான காயம். அப்படிப்பட்ட ஒருவர் பத்தே மாதத்தில் நடந்து பேசி ஆபீஸ் பற்றி யோசிக்கிறார் என்றால் அவர் நிறையவே மீண்டிருக்கிறார்.

சரி, யோசிக்கும் திறனுக்கு வருவோம். குடும்பத்தினர் எப்போதும் "ஞாபக மறதி" என்றுதான் சொல்லி வருவார்கள். உட்கார வைத்துச் சோதித்தால் பல பேருக்கு அடிப்படைப் பிரச்சினை வேகம். இணைப்பு இழைகள் குறைந்தால் தகவல் போய்ச் சேர நேரமாகிறது. தாமதமாகக் கேட்கும் போன் லைனில் பேசிப் பாருங்கள், நீங்கள் சொன்னது அந்தப் பக்கம் போவதற்குள் அடுத்த வாக்கியத்தை ஆரம்பித்திருப்பீர்கள், இரண்டும் மோதி இரண்டுமே புரியாது. உங்கள் அண்ணனுக்கு வீட்டுக்குள் நடக்கும் எல்லாப் பேச்சும் ஏறக்குறைய அப்படித்தான் வருகிறது. மூன்று பேர் ஒரே நேரத்தில் பேசி டிவியும் ஓடினால் முதல் வாக்கியமே உள்ளே போயிருக்காது. உள்ளே போகாதது எப்படி நினைவில் நிற்கும்? மாலையில் "சொன்னேனே" என்று நீங்கள் கேட்கும்போது அவருக்கு அது உண்மையிலேயே புதுச் செய்தி. அதே ஆளிடம் ஒரே விஷயத்தை, சத்தமில்லாத இடத்தில், நிறுத்திச் சொல்லி, அவர் வாயால் திருப்பிச் சொல்ல வைத்துப் பாருங்கள், மறதியில் கணிசமான பங்கு குறைந்துவிடும். எல்லாம் போய்விடாது, பொட்டு மடலின் உட்புறம் அடிபட்டிருந்தால் நினைவைப் பதிக்கிற வேலையே தனியாகப் பழுதாகியிருக்கும். இரண்டில் எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்லத்தான் எங்கள் சோதனைகள் இருக்கின்றன.

இன்னொரு விஷயம் குடும்பங்களை ரொம்பவே ஏமாற்றும். பழைய படிப்பு, சொல்வளம், பொது அறிவு எல்லாம் பெரும்பாலும் அப்படியே இருக்கும். பேச்சில் குறை தெரியாது. டாக்டர் அறையில் பத்து நிமிடம் உட்கார்ந்து கேட்ட கேள்விக்கெல்லாம் சரியாகப் பதில் சொல்லிவிட்டு வருவார், "இங்கே நன்றாகத்தானே பேசுகிறார்" என்பார் டாக்டர். 1991-ல் ஷாலிஸ், பர்ஜஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள், தலைக்காயத்தால் முன்மடல் பாதித்த மூன்று பேரைப் பற்றி எழுதினார்கள். அறிவுத்திறன் சோதனையில் அவர்களுக்குக் குறையில்லை, கடைத்தெருவில் சில சின்ன வேலைகளை முடித்து வரச் சொன்னால் வரிசை தப்பியது, விதிகள் மறந்தன, பாதி வேலை விடுபட்டது. சோதனை அறையில் எதை, எப்போது, எப்படிச் செய்ய வேண்டும் என்பதை எதிரில் இருப்பவரே முடிவு செய்துவிடுகிறார். வீட்டில் அதை அவரே செய்ய வேண்டும், முன்மடலுக்கு அதுதான் வேலை. அவர் சும்மா உட்கார்ந்திருப்பதும் இதே வகைதான். செய்யத் தெரியும், கேட்டால் செய்வேன் என்பார், ஆரம்பிக்கிற உந்துதல் மட்டும் உள்ளிருந்து வராது. வெளியிலிருந்து ஒரு சின்னத் தூண்டுதல் கொடுத்தால் எழுந்துவிடுவார். சோம்பேறியிடம் அது நடக்காது.

கோபமும் பாதி இதன் நீட்சிதான். நாள் முழுக்க இந்த வேகக் குறைவோடு ஓடுவதால் களைப்பு சீக்கிரம் வரும், களைத்த மூளையில் அடக்கும் சக்தி முதலில் போகும். எந்த நேரத்தில் கத்துகிறார் என்று குறித்து வையுங்கள், பெரும்பாலும் மாலை, சத்தம், அவசரம் மூன்றில் ஒன்று கூடவே இருக்கும். "எனக்கு ஒன்றுமில்லை, நீங்கள்தான் பெரிதுபடுத்துகிறீர்கள்" என்று அவர் சொல்வதாகவும் எழுதியிருந்தீர்கள். தன்னைத்தானே கவனித்து எடைபோடும் திறனே காயத்தில் குறைந்துபோவதுண்டு, அதைப் பொய் என்றோ பிடிவாதம் என்றோ வாதிட்டு ஜெயிக்க முடியாது.

எவ்வளவு மீளும்? வேகமான முன்னேற்றம் முதல் ஆறு மாதத்தில், பிறகு குறைந்த வேகத்தில் இரண்டு வருடம் வரை, அதற்குப் பிறகும் சின்னச் சின்னதாக. உடல் முதலில் வரும், யோசனை பின்னால் வரும். இந்த மீட்சி எப்படி நடக்கிறது என்பதில் உறுதியானவை: வீக்கம் வடிகிறது, அதிர்ச்சியில் வேலைநிறுத்தம் செய்த பகுதிகள் திரும்புகின்றன, எஞ்சிய இணைப்புகள் புதுக் கிளைவிட்டு வேலையைப் பகிர்ந்துகொள்கின்றன. புதிய நரம்புச் செல்கள் பிறந்து இடத்தை நிரப்புகின்றன என்று யூடியூபில் சொல்வதை நம்ப வேண்டாம். வளர்ந்த மனிதர்களின் மூளையில் புதுச் செல் பிறக்கிறதா என்பதிலேயே 2018-ல் வந்த இரண்டு பெரிய ஆய்வுகள் நேரெதிரான முடிவைச் சொன்னன. முன்மடல் போனால் ஆள் முடிந்தான் என்பதற்கு எல்லோரும் காட்டும் ஃபினியஸ் கேஜ் கதையையும் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள். 1848-ல் அமெரிக்காவில் ரயில்பாதை வேலையின்போது இரும்புக் கம்பி முன்மூளையைத் துளைத்துப் போனவர் அவர், குணம் மாறியது உண்மை, ஆனால் பிற்காலத்தில் சிலி நாட்டில் பல வருடம் குதிரை வண்டி ஓட்டிப் பிழைத்தார். தினமும் ஒரே ஒழுங்கில் போன அந்த வேலைதான் அவரைத் தாங்கியது என்று சிலர் சொல்வது ஊகம்தான், இருந்தாலும் நான் வேலையில் பார்ப்பதோடு அது ஒத்துப்போகிறது.

மாத்திரை விஷயத்தில் நேராகச் சொல்லிவிடுகிறேன், சிதைந்த இழைகளைத் திரும்ப வளர்க்கும் மாத்திரை எதுவும் நிரூபிக்கப்படவில்லை. நீங்கள் பெயர் எழுதியிருக்கும் சிட்டிகோலின் மாத்திரையைத் தலைக்காயம் பட்ட 1,213 பேரிடம் சோதித்து 2012-ல் முடிவு வெளியிட்டார்கள், வெற்று மாத்திரையைவிடப் பலன் இல்லை. அமன்டடின் என்ற மருந்தைக் கொடுத்தால் நினைவு திரும்பாமல் கிடப்பவர்கள் சற்று வேகமாக மீள்கிறார்கள் என்று அதே வருடம் ஒரு நல்ல ஆய்வு வந்தது, ஆனால் உங்கள் அண்ணன் அந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டார். சேர்க்க வேண்டிய மாத்திரையைவிட, குறைக்கக்கூடியது ஏதாவது இருக்கிறதா என்று கேட்பது அதிகப் பலன் தரும். விபத்தின்போது வலிப்பு வராமலிருக்கக் கொடுத்த மருந்து இன்னும் ஓடுகிறதா? அது முதல் வாரத்து வலிப்பைத் தடுக்கும், பிற்காலத்தில் வலிப்பு நோய் வருவதைத் தடுப்பதாக ஆதாரம் இல்லை, சில வகைகள் யோசனையை இன்னும் மந்தமாக்கும். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், திடீரென நிறுத்துவது ஆபத்து, வலிப்பே வந்ததில்லை என்றால் நரம்பியல் டாக்டரிடம் "இது இன்னும் தேவையா" என்று மட்டும் கேளுங்கள். தூக்க மாத்திரைக்கும் இதே கேள்வி. அதோடு தூக்கத்தில் மூச்சுத் தடை, மனச்சோர்வு, காது கேட்பதில் குறை, பிட்யூட்டரி சுரப்பியின் ஹார்மோன் குறைவு இவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள். நான்குமே தலைக்காயத்துக்குப் பின் அடிக்கடி வருபவை, நான்குக்கும் சிகிச்சை உண்டு, எல்லாவற்றையும் "அடிபட்டதால்தான்" என்று மூளைக்காயத்தின் தலையிலேயே கட்டிவிடுவதால் கண்டுகொள்ளப்படாமல் போகும். மது வேண்டவே வேண்டாம்.

பயிற்சியில், மூளைப் பயிற்சி ஆப்களில் விளையாடினால் அந்த விளையாட்டில் கெட்டிக்காரர் ஆவார், வாழ்க்கைக்குப் பெரிதாக மாறுவதில்லை. நன்றாக வேலை செய்வது நினைவை வெளியே கொண்டுவந்து வைப்பது: போனில் அலாரம், ஒரே நோட்டு, ஒரே இடம். 2001-ல் பிரிட்டனில் மூளை பாதித்து நினைவுக் குறை உள்ள 143 பேருக்குப் பேஜரில் (செய்தி வாங்க மட்டும் பயன்பட்ட சின்னக் கருவி) நினைவூட்டல் அனுப்பிப் பார்த்தபோது, முடித்தவர்களில் எண்பது சதவீதத்துக்கு மேற்பட்டோர் அன்றாட வேலைகளை முன்பைவிட நன்றாகச் செய்தார்கள். இன்று எல்லார் கையிலும் போன் இருக்கிறது. அப்புறம், "நேற்று யார் வந்தார், சொல்லு பார்ப்போம்" என்று பரீட்சை வைக்காதீர்கள். நினைவுக் குறை உள்ளவர் ஊகித்துத் தப்பாகச் சொன்னால் அந்தத் தப்பே பதிந்துவிடும், திருத்தியது பதியாது. பதிலை முதலிலேயே சொல்லிக்கொடுத்துத் திரும்பச் சொல்ல வைப்பதுதான் சரி.

பிற்காலத்தில் மறதி நோய் வருமா என்றும் கேட்டிருந்தீர்கள். ஒரே ஒரு கடுமையான காயத்துக்குப் பிறகும் அபாயம் ஓரளவு கூடுகிறது என்று பெரிய மக்கள்தொகை ஆய்வுகள் சொல்கின்றன, ஆனால் அடிபட்டவர்களில் பெரும்பாலோருக்கு அது வருவதில்லை. குத்துச்சண்டைக்காரர்களிடம் 1928-லேயே விவரிக்கப்பட்ட மூளைச் சிதைவு, திரும்பத் திரும்ப அடிவாங்குபவர்களுக்கு வருவது, இறந்த பிறகு மூளையைப் பார்த்துத்தான் உறுதிசெய்ய முடியும், அதை நினைத்து நீங்கள் பயப்பட வேண்டியதில்லை. இரண்டாவது முறை அடிபடாமல் பார்த்துக்கொள்வதுதான் உங்கள் கையில் இருப்பது. அதனால் வண்டி இப்போதைக்கு வேண்டாம், எதிர்வினை வேகத்தையும் பார்வையையும் சோதித்து, கூட ஒருவர் உட்கார்ந்து சாலையில் ஓட்டவைத்துப் பார்த்த பிறகு முடிவு செய்யலாம். இப்போதிருப்பதைவிடத் திடீரென மந்தமானால், தலைவலி, வாந்தி, ஒரு பக்கம் பலவீனம், வலிப்பு வந்தால் "பழைய காயம்தானே" என்று காத்திருக்காமல் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

ஆபீஸுக்கு அனுப்பலாம், ஆனால் அடுத்த மாதமே முழு நேரத்துக்கு வேண்டாம். அதற்கு முன் ஒரு நியூரோசைக்காலஜி மதிப்பீடு எடுத்து, எது பலம் எது பலவீனம் என்று எழுத்தில் வாங்கி மேலதிகாரியிடம் கொடுங்கள். காலையில் இரண்டு மூன்று மணி நேரம், ஒரு நேரத்தில் ஒரே வேலை, சொல்வதை எழுதிக் கொடுப்பது, கூட்டம் குறைந்த இடத்தில் ஒரு நாற்காலி, இவ்வளவு கேட்டால் போதும், பெரும்பாலான மேலதிகாரிகள் ஒத்துக்கொள்வார்கள். முதல் வாரம் நன்றாகத்தான் போகும். அதைப் பார்த்து எல்லோரும் சந்தோஷப்பட்டு உடனே நேரத்தைக் கூட்டுவதைத்தான் நான் அடிக்கடி பார்க்கிறேன். களைப்பு சேர்ந்து வெளியே தெரிய சில வாரம் ஆகும், அதனால் குறைந்தது ஒரு மாதம் அதே நேரத்தில் வைத்திருந்து, வீட்டில் மாலை நேரக் கோபம் கூடவில்லை என்று பார்த்த பிறகு ஒரு மணி நேரம் கூட்டுங்கள்.